ஐந்தாவது புகார்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு அடாவடி என்று பெயர். பாதிப் பேர் பாசத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள், மீதிப் பேர் பட்ட அனுபவத்தில். படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரத்தின் முன்னால் இருபத்திரண்டு ஆண்டுகளாக நிற்பவள். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து, ஒரே உதறலில் சுருக்கமெடுத்து, சூடான உருளைக்குள் நேராக விடுவாள். நூல் பிசகினாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி விடுவாள். நேரமாகிறது என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்தால், "இதுல படுக்கப் போறது நோயாளி சார், நீங்க இல்ல" என்பாள்.

ஒரு கோடையில் சலவைக்கூடத்துக் காற்றாடி பழுதாகி மூன்று வாரம் ஓடவில்லை. எழுதிக் கொடுத்தாயிற்று, நேரில் போய்ச் சொல்லியாயிற்று, ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் உருளையிலிருந்து வந்த ஆவி பறக்கும் விரிப்பு மூட்டை ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, நிர்வாக அதிகாரியின் குளுகுளு அறைக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அது ஆறும்வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை காற்றாடி ஓடியது.

அவளுக்கு அதற்கு முன்னால் வேறொரு பட்டப்பெயர் இருந்தது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. எட்டு வயதிலிருந்து சொந்தக்காரர்கள் அவளைக் கதைக்காரி என்று கூப்பிட்டார்கள். கதை சொல்லுகிறவள் என்ற அர்த்தத்தில் இல்லை. பொய் சொல்லுகிறவள் என்ற அர்த்தத்தில்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவளைவிட நான்கு வயது சின்னவன். உருண்டைத் தலையும் குட்டை உடம்புமாக இருந்ததால் வீட்டில் பட்டாணி. கையில் கிடைத்த எதையும் வரிசையாக அடுக்குவான். சோடா மூடி, தீக்குச்சி, அக்காவின் சட்டைப் பொத்தான்கள். யாராவது கலைத்துவிட்டால் அழமாட்டான். மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுவிட்டு முதலிலிருந்து அடுக்குவான். அப்பா இதய நோயில் இறந்தபோது அவன் கைக்குழந்தை.

பட்டாணிக்கு இரண்டரை வயதானபோது அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். வந்தவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. டாக்டர், வாத்தியார், பேக்கரி முதலாளி என்று அந்த ஊரில் கார் வைத்திருந்த பாதிப் பேர் அவரிடம்தான் கற்றார்கள். காவல் நிலையத்தில் ஜீப் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோருமே அவருடைய மாணவர்கள். அவ்வளவு பொறுமையான மனிதரைப் பார்த்ததே இல்லை என்று சொல்லாதவர் கிடையாது. எத்தனை தடவை வண்டி முக்கி நின்றாலும் குரல் உயராது. "பரவாயில்ல, கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்பார்.

வீட்டிலும் அவர் குரல் உயர்ந்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு அடிப்பார். சட்டை மறைக்கும் இடமாகப் பார்த்து அடிப்பார். பெரும்பாலும் பட்டாணியைத்தான். சோறு சிந்தினால், பதில் சொல்ல நேரமானால், படுக்கையை நனைத்தால். அவரை அப்பா என்று கூப்பிடச் சொல்லி அம்மா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள். மகள் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டிய நேரம் வந்தால் எதிரில் போய் நின்று இருமுவாள்.

அது நடந்த மாலை அவள் பின்னறையில், கட்டிலுக்கு அடியில் உருண்டு போன பென்சிலைத் தேடிக்கொண்டு படுத்திருந்தாள். கதவு திறந்தது. மாஸ்டருடைய பளபளக்கும் காலணிகளும் பட்டாணியின் வெறுங்கால்களும் உள்ளே வந்தன. கதவு சாத்தப்பட்டது. சோபாவில் மடித்து வைத்திருந்த அவருடைய சட்டையைப் பட்டாணி நனைத்துவிட்டிருந்தான். அவனைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். "இனிமே நனைப்பியா?" என்று, கிளட்ச்சை மெதுவாக விடச் சொல்லும் அதே குரலில் கேட்டார். பிறகு வயிற்றில் முஷ்டியால் இரண்டு முறை குத்தினார். பட்டாணி கத்தவில்லை. கத்த மூச்சு இருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தவளும் கத்தவில்லை. பிற்காலத்தில் அவள் யாரை மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும், அந்த எட்டு வயதுக்காரியை மன்னிக்க மட்டும் இருபது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாள்.

பட்டாணி வாந்தி எடுத்தான். கண்டதையும் தின்றிருப்பான் என்றார் மாஸ்டர். அம்மா வாயைத் துடைத்துவிட்டுப் படுக்க வைத்தாள். அக்காவின் பக்கத்தில் சுருண்டு படுத்தவன் இரண்டு தடவை தண்ணீர் கேட்டான். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

விடிந்தபோது அவன் சில்லென்று இருந்தான். அதற்குப்பின் நடந்ததை அவள் கதவோரத்தில் நின்று பார்த்தாள். மாஸ்டர் அவனுக்குப் பள்ளிச் சீருடையைப் போட்டுவிட்டார். காலுறை மாட்டினார். அவசரத்தில் வலது காலணியை இடது காலிலும், இடது காலணியை வலது காலிலும் போட்டு இறுகக் கட்டினார். "கால் மாறியிருக்கு" என்றாள் அவள். அம்மா பின்னாலிருந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். மாஸ்டர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இருந்த ஐந்து படிகளையும் இறங்கிப் போய்த் தெருவில் நின்று கத்தினார். அவர் கத்தி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பும்போது படியில் உருண்டுவிட்டான் என்றார். ஊர் கூடி அழுதது. அவருக்காகவும் சேர்த்து அழுதது.

பத்து நாள் கழித்து அவளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எழுதாமல் உட்கார்ந்திருந்தவளிடம் வகுப்பு ஆசிரியை என்ன என்று கேட்டார். அவள் கட்டிலடியில் தொடங்கிக் காலணி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். புதிதாக வேலைக்கு வந்திருந்த அந்த ஆசிரியை கேட்டதை அப்படியே கடிதமாக எழுதிக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார். அதுதான் முதல் புகார்.

நிலைய எழுத்தர் வீட்டுக்கு வந்தார். மாஸ்டரிடம் வண்டி பழகியவர். தேநீர் குடித்தார். தம்பி போன துக்கத்தில் பெண் என்னென்னவோ கற்பனை செய்கிறாள் என்று அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எழுத்தர் தலையாட்டிவிட்டுப் போனார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வயிற்றுக்குள் ஈரல் கிழிந்திருந்ததையும், விலா எலும்புகளில் பழைய முறிவுகள் கூடியிருந்ததையும் எழுதியிருந்தார். ஆனால் கடைசி வரியில் "விழுந்ததாலும் ஏற்பட்டிருக்கலாம்" என்று சேர்த்துவிட்டார். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. விபத்து என்று கோப்பை மூடினார்கள்.

அந்த மாதமே அவளைப் பெரியம்மா வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பினார்கள். பெரியம்மா கெட்டவள் இல்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், படிக்க வைத்தாள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ சொல்றதைக் காதுல போட்டுக்காதீங்க, கதைக்காரி" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பாள். அவள் சளைக்கவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். தபால்காரரிடம் சொன்னாள். பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு சொன்னாள்.

பதினேழு வயதில் தானே அதே காவல் நிலையத்துக்கு நடந்து போனாள். மேசையில் இருந்தவர் அவள் எழுதித் தந்ததை வாங்கி வைத்து, பாதி கேட்டுவிட்டு, தனக்குக் கியர் போடச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், எறும்பைக்கூட மிதிக்காதவர் என்றார். இரண்டாவது புகார். இருபத்தாறாவது வயதில், அவளுடைய மகளுக்கு நான்கு வயதானது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது அந்த வயிறு எவ்வளவு சின்னது என்பதைக் கையால் அளந்து பார்த்தாள். மறுநாள் மூன்றாவது புகார். முப்பத்துமூன்றில் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் நான்காவது. அதற்குப் பதில் வந்தது. ஒரே வரி. மேல் நடவடிக்கை தேவையில்லை.

புருஷன் வெல்டர். கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிறகு தெரிந்து, ஏன் சொல்லவில்லை என்று நிற்கக்கூடாது பாருங்கள். அவன் கடைசிவரை கேட்டான். நிஜமா என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் மாஸ்டருடைய பள்ளியில் சேர்வதாக இருந்தவன் கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தான். அந்த ஊரில் வேறு பயிற்சிப் பள்ளி கிடையாது. "எனக்குச் சைக்கிள் போதும்மா. அதுக்குக் கிளட்ச் கிடையாது" என்றான். இன்றுவரை சைக்கிள்தான்.

நாற்பத்தாறு வயதில், ஒரு மதிய இடைவேளையில் ரொட்டி சுற்றி வந்த செய்தித்தாளை அவள் விரித்தாள். மாஸ்டருடைய படம். நாற்பதாண்டு சேவைக்காகக் கேடயம் வாங்குகிறார், பக்கத்தில் அம்மா கைகட்டி நிற்கிறாள். கேடயத்தை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கீழே இருந்த செய்தியைத்தான் பொறுக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற மாஸ்டர் இனிமேல் தொடக்கப்பள்ளிகளுக்குப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப்போகிறார். "குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்" என்று சொல்லியிருந்தார்.

ரொட்டியைக் கீழே வைத்தாள். ஈர மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள். எங்கே போகிறாய் என்று மேற்பார்வையாளர் கேட்டதற்கு, "போலீசுக்கு. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா உள்ள வச்சுட்டாங்கன்னு அர்த்தம்" என்றாள்.

நிலையத்தில் இருந்த பெண் ஆய்வாளர் இரண்டு மாதத்துக்கு முன்புதான் மாற்றலாகி வந்தவர். அந்தக் காவல் நிலையத்தில் மாஸ்டரிடம் வண்டி பழகாத ஒரே ஆள். அவள் செய்தித்தாளை மேசைமேல் அறைந்தாற்போல வைத்தாள். இந்த ஆள் என் தம்பியைக் கொன்றவன் என்றாள். ஆய்வாளர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சாத்திய கதவைப் பார்த்து அவள் உடம்பு ஒரு கணம் விறைத்தது.

"உக்காருங்க" என்றார் ஆய்வாளர். "ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க. நான் நடுவுல பேசமாட்டேன், எழுதிக்கிட்டே இருப்பேன்."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொல்லி முடித்ததும் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "இது அஞ்சாவது தடவை. நீங்களும் மூடி வச்சீங்கன்னா ஆறாவது தடவை வருவேன். உங்களுக்கு அப்புறம் வர்றவங்ககிட்டயும் வருவேன். எனக்குக் கால் நல்லா இருக்கு."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "அஞ்சாவதுன்னா, முன்னாடி குடுத்த நாலும் எங்கயாவது இருக்கணுமே" என்றார்.

இருந்தன. பழைய கோப்புகள் அறையில் மழைநீர் ஊறி, கரையான் அரித்த அடுக்குகளுக்கு நடுவே மூன்று வாரம் தேடி எடுத்தார்கள். மேலே பிரேதப் பரிசோதனை அறிக்கையும் ஊடுகதிர்ப் படங்களும். அடியில், மூடி வைக்கப்பட்ட நான்கு புகார்களும் தேதி முத்திரையோடு வரிசையாக. யாரும் படிக்காவிட்டாலும் எதையும் தூக்கி எறியக்கூடாது என்ற விதி மட்டும் அந்த அலுவலகத்தில் ஒழுங்காக வேலை செய்திருந்தது. ஆசிரியையின் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. இறந்த குழந்தைக்குக் காலணிகளைக் கால் மாற்றிப் போட்டார்கள் என்று மாணவி சொல்லுகிறாள்.

பட்டாணியைக் கொண்டுபோன சின்ன மருத்துவமனை எப்போதோ மூடப்பட்டு, அதன் ஏடுகள் அரசுக் கிடங்கில் கிடந்தன. ஆய்வாளர் அங்கேயும் போனார். குழந்தையை வாங்கிக்கொண்ட தாதி தன் குறிப்பேட்டில் அன்று காலை எழுதியது கிடைத்தது. உடல் விறைத்திருக்கிறது. வலது காலணி இடது காலிலும் இடது காலணி வலது காலிலும் உள்ளன. அந்தக் குறிப்பு ஒரு நாளும் காவல் நிலையத்துக்கு வந்ததில்லை. அதைப் படித்து ஓர் எட்டு வயதுப் பெண் கதை கட்டியிருக்க முடியாது. அரை மணி நேரத்துக்கு முன்னால் உருண்டு விழுந்த பிள்ளையின் உடம்பு விறைத்திருக்கவும் முடியாது.

அந்த வார விடுமுறையில் அடாவடி தன் புருஷனுடைய அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் போனாள். இப்போது அங்கே ஒரு கண்ணாடிக் கடைக்காரர் குடும்பம் இருந்தது. வாசற்படியை அளக்கவேண்டும் என்றதும் அவர் நகராட்சி ஆள் என்று நினைத்துப் பதறிப் போனார். அவள் குந்தி உட்கார்ந்து அளந்தாள். ஒவ்வொரு படியும் ஆறரை அங்குலம். ஐந்து படியும் சேர்ந்து அவள் இடுப்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. எட்டு வயதில் அது எவ்வளவு உயரமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கணக்கை ஆய்வாளரிடம் கொடுத்தபோது, இதையெல்லாம் நாங்கள்தான் செய்யவேண்டும் என்று அவர் கடிந்துகொண்டார். மறுநாளே புகைப்படக்காரரை அனுப்பினார்.

மாஸ்டரைக் கைது செய்யப் போனபோது அவரே கதவைத் திறந்தார். டை கட்டிக்கொள்ள ஐந்து நிமிஷம் கேட்டார். காவல் வண்டி தெருமுனையில் திரும்பும்போது ஓட்டியவரிடம், "இரண்டாவது கியருக்கு வாங்க" என்றாராம். ஓட்டியவர் பழக்கதோஷத்தில் வந்துவிட்டார்.

கைது செய்தி பரவியதும் ஊர் இரண்டுபட்டது. எழுபது வயது மனிதரை இந்த வயதில் சந்தி சிரிக்க வைக்கவேண்டுமா என்றார்கள். செத்தவன் திரும்பி வரவா போகிறான் என்றார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னாள். எழுபது வயது வரைக்கும் அவர் வாழ்ந்துவிட்டார், நாலு வயதுக்கு மேல் அவன் வாழவில்லை, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

ஒருநாள் வேலை முடிந்து வெளியே வரும்போது சலவைக்கூடத்து வாயிலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பல வருஷமாக இருவரும் சாவு வீடுகளில் தூரத்தில் பார்த்துக்கொண்டதோடு சரி. அம்மா இளைத்திருந்தாள்.

"வழக்கை வாபஸ் வாங்கிடுடி" என்றாள்.

"அது என் வழக்கு இல்லம்மா. அரசாங்கத்தோட வழக்கு."

"நீ சொன்னதாலதானே வந்துச்சு. அவரை உள்ள தள்ளிட்டா இந்த வயசுல நான் எங்கடி போவேன்?"

அவள் மேலங்கியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள். "என் வீட்டுக்கு வா" என்றாள். "ஆனா உண்மையைச் சொல்லிட்டு வா. சொல்லாம வந்தா வாசல்லயே நிப்பே."

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அம்மா.

"தெரியாமலா என் வாயைப் பொத்தினே?"

அம்மா போய்விட்டாள். அடாவடி சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போய், வெல்டர் வந்து கூப்பிடும்வரை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. மாஸ்டர் நாள் தவறாமல் தேய்த்த சட்டையோடு வந்து, நீதிபதிக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எலும்பு டாக்டர் ஒருவர் பழைய ஊடுகதிர்ப் படங்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விலாவில் மூன்று முறிவுகள், மூன்றும் வெவ்வேறு மாதத்தில் நடந்தவை என்றார். ஈரல் அப்படிக் கிழிய ஒரு கார் மோதவேண்டும், இல்லாவிட்டால் வளர்ந்த ஆணின் முஷ்டி வேண்டும், முப்பத்திரண்டரை அங்குலப் படிக்கட்டு போதாது என்றார்.

அடாவடியை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு முழு நாள் குடைந்தார். அம்மா மறுமணம் செய்தது பிடிக்காமல் வந்த வெறுப்பு என்றார். குழந்தைப் பருவ நினைவு நாளாக நாளாக ஊதிப் பெருகும் என்றார். சொந்தக்காரர்களே கதைக்காரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா என்று கேட்டபோது, ஆமாம் என்றாள். கடைசியாக அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்க தம்பி கொல்லப்பட்டதைக் கண்ணால பாத்தேன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படி முப்பத்தெட்டு வருஷம் சும்மா இருந்தீங்க?"

அவள் சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்க சார் சும்மா இருந்தேன்? எட்டு வயசுல சொன்னேன். பதினேழுல சொன்னேன். இருபத்தாறுல, முப்பத்துமூணுல, எழுதியும் குடுத்தேன். உங்க மேசை மேலதான் இருக்கு, தேதியோட. சும்மா இருந்தது நான் இல்ல."

நீதிபதி அந்த நான்கு தாள்களையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

எதிர்த்தரப்பு தன் சாட்சியாக அம்மாவைக் கொண்டுவந்தது. குழந்தை படியில் விழுந்ததைப் பார்த்ததாக அம்மா சொன்னாள். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவள் போல, இடையில் மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். வயதானவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். எத்தனை படி என்று கேட்டார். ஐந்து என்றாள். எந்தப் படியிலிருந்து விழுந்தான்? மேல்படியிலிருந்து. பிள்ளையை யார் கிளப்பிவிட்டது? நான்தான் என்றாள். என்ன உடை போட்டுவிட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

அதற்கு அவளுக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"நீலக் கால்சட்டை" என்றாள். "இல்ல, அது நனைஞ்சிருந்துது. சோபால போயிட்டான். அதுக்காகத்தான்..."

நிறுத்திக்கொண்டாள். நீதிபதிதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அதுக்காகத்தான் என்னம்மா?"

அம்மா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் மிகப் பொறுமையாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார், தப்பாகத் திருப்பும் மாணவனுக்குச் சைகை காட்டுவதுபோல. அம்மா பிறகு மகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள். மகள் கண்ணை எடுக்கவில்லை, உதவவும் இல்லை.

"அதுக்காகத்தான் அவர் அடிச்சார்" என்றாள் அம்மா. "நான் அடுப்படியில இருந்தேன். கேட்டுச்சு. கேட்டும் போகல."

அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. காலணியைப் பற்றியும் சொன்னாள். மகளின் வாயைப் பொத்திய கையை அப்போது தூக்கிக் காட்டினாள், எந்தக் கை என்று யாரும் கேட்காமலே. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, எழுந்ததற்காக ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டது என்று நீதிபதி வாசித்தார். ஆயுள் தண்டனை. வயதைக் கருதிக் குறைக்கவேண்டும் என்ற கோரிக்கையைத் தள்ளினார். வயது என்பது இந்த வழக்கில் குற்றவாளி திருடிக்கொண்ட ஒன்று என்று தீர்ப்பில் எழுதியிருந்தார். மாஸ்டர் அப்போதும் குரல் உயர்த்தவில்லை. காவலர்களோடு அவர் நடந்து போகும்போது அடாவடி எழுந்து வழியில் நின்றாள். திட்டுவாள், துப்புவாள் என்று ஆய்வாளர் அவசரமாகப் பக்கத்தில் வந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. மாஸ்டரைத் தன்னைச் சுற்றிக்கொண்டு போக வைத்தாள், அவ்வளவுதான்.

மன்ற வாசலில் நிருபர்கள் இப்போது நிம்மதியா என்று கேட்டார்கள். இல்லை, கோபமாக இருக்கிறது என்றாள். எட்டு வயதில் சொன்னபோது கேட்டிருந்தால் இத்தனை பேர் இங்கே வெயிலில் நிற்கவேண்டியிருக்காது என்றாள். கடிதம் எழுதிய ஆசிரியை, கண்பார்வை குறைந்துபோய், ஓர் உறவினர் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவள் போய் எதிரில் நின்றதும், கையால் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எழுதாம உக்காந்திருந்தியே, அந்தப் பொண்ணு" என்றார். அன்று அவள் அழுதது அந்த ஓர் இடத்தில்தான்.

அம்மாமீதும் வழக்குப் போடலாமா என்று அதிகாரிகள் யோசித்தார்கள். மறைத்த குற்றத்துக்குக் காலம் கடந்துவிட்டது என்று விட்டார்கள். போடுங்கள் என்றும் அடாவடி கேட்கவில்லை, வேண்டாம் என்றும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு துணிப்பையோடு அம்மா அவள் வீட்டு வாசலில் நின்றாள். சொன்ன சொல்லாயிற்றே. உள்ளே விட்டாள். மகள் கல்யாணமாகிப் போன அறை காலியாக இருந்தது. அதில் கட்டில் போட்டுக் கொடுத்தாள். வேளைக்குச் சாப்பாடு, மூட்டு வலிக்கு மருந்து, சுருக்கமில்லாத விரிப்பு, எதிலும் குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் அளவோடுதான். வெல்டர்தான் மாமியாரிடம் அதையும் இதையும் சொல்லி அந்த வீட்டில் சத்தம் இருக்கும்படி பார்த்துக்கொண்டான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா, "என்னை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் அவள். "சாப்பிடு."

தீர்ப்பு வந்து நான்கு மாதம் கழித்து, பதிவு அலுவலகத்தில் பட்டாணியின் இறப்புச் சான்றிதழுக்கு ஒரு நகல் வாங்கினாள். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் இன்னும் விபத்து என்றே இருந்தது. அதைத் திருத்தித் தரச் சொன்னாள். குற்றவாளி உள்ளே போய்விட்டான், இந்தத் தாளை மாற்றி யாருக்கு என்ன லாபம் என்றார் எழுத்தர். லாபத்துக்கு வரவில்லை என்றாள். இதற்குப் படிவமே இல்லை என்றார். வெள்ளைத்தாள் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி அங்கேயே எழுதினாள். தீர்ப்பின் நகலைச் சேர்த்துக் கொடுத்தாள். மேலதிகாரி விடுமுறை, முத்திரை வேறிடத்தில், கணினி வேலை செய்யவில்லை. மூன்று தடவை நடந்தாள். நான்காவது தடவை சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போய் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் எழுத்தருக்கு என்னவோ புரிந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் புதுத் தாள் வந்தது. காரணம்: கொலை. அவள் நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தாள். பிறகு தாளை ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டினாள்.

"அவன் இறந்தது பன்னிரண்டாம் தேதி ராத்திரி. இதுல பதிமூணுன்னு போட்டிருக்கீங்க. மாத்துங்க."

எழுத்தர் பெருமூச்சு விட்டார். அவள் மறுபடியும் நாற்காலிக்குப் போய், பாத்திரத்தைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.